ஏழு சீட்டுப் புண்ணியம்

மேரிலாந்து,
12 ஜனவரி 2025.

அன்புள்ள மாமாவுக்கு,

பொங்கலுக்குக் கரும்பும் மஞ்சள் கொத்தும் வாங்க நீங்கள் திண்டிவனம் கடைத்தெருவுக்குக் கிளம்பும் நேரத்தில் நாங்கள் இங்கே வாசலில் பனி வாரிக்கொண்டிருக்கிறோம். போன திங்கட்கிழமை கொட்டிய பனியில் பள்ளிக்கூடங்களை மூடிவிட்டார்கள். உங்கள் மாப்பிள்ளை மட்டும் மூடவில்லை, வாயை. கார் நின்ற காலி இடத்தைப் பார்த்துப் பார்த்து, "அந்த வண்டி இருந்திருந்தா இந்தப் பனியெல்லாம் ஒரு பனியா?" என்று புலம்பிக்கொண்டே வாரினார்.

ஆமாம், வண்டியைக் கொடுத்துவிட்டோம். ஃபெஞ்சல் புயலுக்கு அடுத்த வாரம் நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவுக்கு இதுதான் பதில். போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் போனில் நான் ரெண்டு வார்த்தை சொல்வதற்குள் நீங்கள் இருபது சொல்லிவிடுவீர்கள். கடிதத்தில் அந்தத் தொந்தரவு இல்லை.

நீங்கள் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது. "பாப்பா, மாப்பிள்ளை அந்தப் பெரிய வண்டிய யாருக்கோ தர்மத்துக்குக் குடுக்கப் போறாராமே. யாருக்கோ எதுக்குக் குடுக்கணும்? நம்ம முதியோர் இல்லத்து ஆம்னி வேன் வெள்ளத்துல நின்னு படுத்துக்கிச்சு. நீ கப்பல்ல ஏத்தி வுடு, மெட்ராஸ் ஹார்பர்ல நானே எடுத்து ஓட்டியாந்துர்றேன்." விழுப்புரம் பஸ் டிப்போவில் முப்பது வருஷத்துக்கு மேல் ஸ்பானர் பிடித்த கை, சும்மா இருக்க முடியாது என்று தெரியும். ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியதையும், விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவில் ரயில் பாலத்தில் வெள்ளம் ஏறி ரயில்களை நிறுத்தியதையும் இங்கே உட்கார்ந்து செய்தியில் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த இல்லத்துப் பெரியவர்களை முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வண்டி வேண்டும் என்பதும் புரிகிறது. இருந்தாலும் அந்தக் கார் ஏன் வராது, வந்தாலும் ஏன் ஆகாது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் காரைப் பற்றி. 2009ஆம் வருஷத்து அக்யூரா எம்டிஎக்ஸ். அக்யூரா என்றால் வேறொன்றும் இல்லை, ஹோண்டாதான். அமெரிக்கப் பணக்காரர்களுக்கு ஹோண்டா என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருக்கும் என்று 1986இல் அந்தக் கம்பெனியே வேறு பெயரில் தனிக் கடை போட்டது. உள்ளே இருப்பது ஹோண்டா, வெளியே இருப்பது விலை. கனடாவில் அலிஸ்டன் என்ற ஊரில் செய்தது. மூன்று வரிசை, ஏழு சீட்டு, தோல் இருக்கை, குளிர்காலத்தில் உட்காரும் இடத்தில் சூடு. நம் ஊரில் ஏழு சீட்டு என்றால் பதினோரு பேரும் ஒரு பலாப்பழமும். இங்கே ஏழு சீட்டு என்றால் நாலு பேரும் காஸ்ட்கோ மளிகையும்.

வாங்கிய அன்று நேராக லான்ஹாமில் இருக்கிற முருகன் கோயிலுக்குத்தான் ஓட்டிப் போனோம். அமெரிக்காவில் முருகனுக்குத் தேங்காய் பழத்தட்டு வாங்குகிற அளவுக்கு எலுமிச்சம்பழமும் விற்கிறது, நாலு சக்கரத்துக்கும் நாலு. குருக்கள் கற்பூரம் காட்டி, பானெட்டில் சந்தனம் வைத்து, "ஏத்துங்கோ" என்றதும் மாப்பிள்ளை ஏற்றினார். மூன்று பழம் நசுங்கியது. நாலாவது உருண்டு பக்கத்தில் நின்ற ஒரு பென்ஸுக்கு அடியில் போய்விட்டது. அந்த பென்ஸ்காரருக்கு அன்றைக்குப் பாதிப் பூஜை இலவசம்.

பதினைந்து வருஷம் உழைத்தது. பெரியவன் காலேஜுக்குப் போய்விட்டான். சின்னவளுக்கு எங்களோடு ஒரே காரில் வருவதே அவமானமாகிவிட்ட வயசு. ஆக ஏழு சீட்டில் ஐந்து சும்மா ஊர் சுற்றியது. சாதாப் பெட்ரோல் ஊற்றினால் கோபித்துக்கொள்ளும், பிரீமியம்தான் குடிக்கும். இந்த வி6 எஞ்சினுக்குச் சங்கிலி கிடையாது, டைமிங் பெல்ட். லட்சம் மைல் தாண்டினால் மாற்ற வேண்டும், மாற்றாமல் விட்டு அறுந்தால் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ரெண்டாவது பெல்ட்டுக்கு நேரம் வந்தது. கூடவே கியர் மாறும்போது ஒரு உதறல். இங்கே மெக்கானிக் கொடுத்த எஸ்டிமேட்டை வாங்கி மாப்பிள்ளை முதலில் தலைகீழாகப் பிடித்துப் படித்தார், தொகை குறையுமா என்று. நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் அங்கேயே, இனித் தேறாது, "கண்டம்" என்று சாக்பீஸால் எழுதிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பீர்கள்.

இந்த ஊரில் கண்டம் ஆன வண்டிக்கு வேறு கதி இருக்கிறது. ஏலக்காரனுக்கு அறுநூறுக்கோ ஆயிரத்துக்கோ தள்ளுவதற்குப் பதில் தர்மத்துக்குக் கொடுத்துவிடுகிறார்கள். மனித மனசு விசித்திரம் மாமா. ஐம்பதாயிரம் டாலருக்குப் பக்கத்தில் கொடுத்து வாங்கிய வண்டியை ஆயிரம் டாலருக்கு விற்றால் அது தோல்வி. அதையே சும்மா கொடுத்தால் அது தாராளம். ஒரே வண்டி, ஒரே நஷ்டம். மாப்பிள்ளை தாராளத்தைத் தேர்ந்தெடுத்தார்.

இப்போது உங்கள் கப்பல் யோசனைக்கு வருகிறேன். இந்திய அரசு விதிப்படி வெளிநாட்டிலிருந்து வருகிற பழைய கார், செய்த தேதியிலிருந்து 3 வருஷத்துக்கு மேல் பழசாக இருக்கக் கூடாது. எங்கள் வண்டிக்கு வயது 15. ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும். எங்களுக்கு இடப்பக்கம். மும்பைத் துறைமுகம் வழியாக மட்டும்தான் இறக்க வேண்டும். நீங்கள் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு சென்னைத் துறைமுக வாசலில் நின்றால் நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான். இதையெல்லாம் தாண்டினாலும் கப்பல் கூலியும் சுங்க வரியும் சேர்ந்து காரின் விலையைப் பல மடங்கு தாண்டிவிடும். அப்புறம் சென்னை வழியாக வந்தால் பரனூரில் ஒரு டோல், ஆத்தூரில் ஒரு டோல். இடப்பக்க ஸ்டியரிங்கில் உட்கார்ந்துகொண்டு டோல்காரரிடம் பேச நீங்கள் ஜன்னலுக்கு ஜன்னல் தாவ வேண்டும்.

அப்படியே வந்து டிஎன் 16 நம்பர் வாங்கிவிட்டதாக வைத்துக்கொள்வோம். 15 வயசு ஆன சொந்த வண்டிக்கு எஃப்சி காட்டி ஆர்சி புதுப்பிக்க வேண்டும். அரசாங்க வண்டி என்றால் அதுவும் இல்லை, 2023 ஏப்ரல் முதல் 15 வருஷம் தாண்டினால் பதிவே புதுப்பிக்க மாட்டார்கள். நீங்கள் வெல்டிங் வைத்து வெல்டிங் வைத்து ஓட வைத்த பஸ்ஸெல்லாம் இன்றைக்கு இருந்தால் நேராக உடைக்கிற யார்டுக்குத்தான் போகும். அக்யூராவுக்கு ஒரு பிரேக் பேட் வேண்டுமென்றால் புதுச்சேரியிலும் கிடைக்காது, சென்னையிலும் கிடைக்காது. அந்தக் கம்பெனிக்கு இந்தியாவில் கடையே இல்லை. பெரியவர்களை ஏற்றிப் போகிற வண்டிக்கு ரெட்டணையிலும் கூட்டேரிப்பட்டிலும் ஸ்பேர் கிடைக்க வேண்டும் என்று நீங்களே எத்தனை தடவை சொல்லியிருக்கிறீர்கள்?

சரி, இங்கே எப்படிக் கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். தர்ம அமைப்புக்குப் போன் பண்ணினால் போதும். நாலு கேள்வி. வண்டி ஓடுமா, சாவி இருக்கிறதா, டைட்டில் பத்திரம் இருக்கிறதா, டயரில் காற்று இருக்கிறதா. ஓடாவிட்டாலும் பரவாயில்லை என்கிறார்கள். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்களே, இவர்கள் மாட்டுக்கு மூச்சு இருக்கிறதா என்றுகூடக் கேட்பதில்லை. அவர்களே டோ வண்டி அனுப்பித் தூக்கிக்கொண்டு போவார்கள். நமக்குச் செலவு இல்லை.

ரேடியோவைத் திருப்பினால் கார் கொடுங்கள் கார் கொடுங்கள் என்று ஓயாமல் கேட்கிறார்கள். பப்ளிக் ரேடியோ நிலையங்களே பழைய கார் வாங்கிப் பிழைக்கின்றன. கார் டாக் என்று ஒரு நிகழ்ச்சி இருந்தது. மாக்லியோசி என்ற அண்ணன் தம்பி இருவர், ரெண்டு பேரும் மெக்கானிக். ஜனங்கள் போன் போட்டு "என் வண்டி இப்படிச் சத்தம் போடுகிறது" என்று வாயாலேயே சத்தம் போட்டுக் காட்டுவார்கள். இவர்கள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, கடைசியில் நோயைச் சரியாகச் சொல்வார்கள். உங்களையும் உங்கள் கூட்டாளி ஃபோர்மேனையும் கொண்டுவந்து உட்கார வைத்தால் அப்படித்தான் இருந்திருக்கும். அண்ணன் டாம் 2014இல் இறந்துவிட்டார். ரேடியோவுக்குப் பழைய கார் கொடுக்கும் ஏற்பாடு இன்னும் அவர்கள் பெயரில் நடக்கிறது.

இன்னொரு பக்கம் கார்ஸ் ஃபார் கிட்ஸ் என்று ஒரு அமைப்பு. குழந்தைகள் பாடுகிற விளம்பரம். அந்தப் பாட்டு தொடங்கினால் பாதி அமெரிக்கா ரேடியோ குமிழை நோக்கிப் பாயும். குழந்தைகளுக்கு என்றுதான் விளம்பரம் சொல்கிறது. பணத்தில் பெரும்பகுதி யூதப் பிள்ளைகளின் சமயக் கல்விக்குப் போகிறது. அதில் தப்பில்லை, ஆனால் கொடுக்கிறவனுக்குத் தெரிய வேண்டாமா என்று பென்சில்வேனியா, ஓரிகன் மாநில அரசுகள் பிடித்துக்கொண்டன. 2009இல் அந்த அமைப்பு ரெண்டு மாநிலத்துக்கும் தலா 65,000 டாலர் கட்டிச் சமாதானம் ஆனது. ஆகவே நாங்கள் பாட்டுப் பாடாத ஒரு அமைப்பைத் தேடினோம்.

இந்த மாநிலத்திலேயே வெஹிகிள்ஸ் ஃபார் சேஞ்ச் என்று ஒன்று 1999இல் தொடங்கியிருக்கிறார்கள். உங்களுக்குக் கட்டாயம் பிடிக்கும். தானமாக வரும் காரைப் பழுது பார்த்து, வேலைக்குப் போகக் கார் இல்லாத ஏழைக் குடும்பத்துக்குக் குறைந்த விலையில் கொடுக்கிறார்கள். இங்கே பல இடங்களில் பஸ் என்பது பெயருக்குத்தான், கார் இல்லாவிட்டால் வேலை இல்லை. அவர்களுடைய ஒர்க் ஷாப்பில் ஜெயிலிலிருந்து வெளியே வந்தவர்களுக்கு மெக்கானிக் வேலை கற்றுக் கொடுக்கிறார்கள். இதைப் படித்ததும் மாப்பிள்ளைக்குக் கண்ணில் ஒரு படம் ஓடியது. மூன்று குழந்தைகளோடு ஒரு அம்மா, நம் அக்யூரா, பள்ளிக்கூட வாசல், நன்றிக் கண்ணீர். பின்னணியில் இளையராஜா.

அந்தப் படத்தை எடுத்த வேகத்திலேயே நான் நிறுத்த வேண்டியிருந்தது. தானமாக வருகிற எல்லாக் காரையும் குடும்பங்களுக்குக் கொடுப்பதில்லை. குறைந்த செலவில் ஓடுகிற வண்டிகளுக்குத்தான் அந்த வரிசை. மற்றதை விற்றுப் பணமாக்கி வேலையை நடத்துகிறார்கள். யோசித்தால் நியாயம். மாதக் கடைசியில் பாலுக்குக் காசு எண்ணுகிற வீட்டுக்குப் பிரீமியம் பெட்ரோலும், ஆயிரம் டாலரைத் தாண்டும் பெல்ட்டும், உதறுகிற கியர்பாக்ஸும் தானம் கொடுப்பது எதிரிக்கும் செய்யக் கூடாத காரியம். பழைய கொரோலா கொடுத்திருந்தால் அது ஒரு குடும்பத்துக்கு நேராகப் போயிருக்கும். சொகுசுக் காருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

தானமாக வந்த சொகுசுக் காரை விற்றுப் பணமாக்குவது புதுக் கதையும் இல்லை. 1964 டிசம்பரில் போப்பாண்டவர் ஆறாம் பால் பம்பாய்க்கு வந்தாரே, அப்போது அவருக்காக அமெரிக்காவிலிருந்து ஒரு வெள்ளை லிங்கன் கான்டினென்டல் வந்தது. ஊர் திரும்பும்போது அதை அன்னை தெரசாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். கல்கத்தாச் சந்தில் அந்தப் படகுக் காரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அந்தம்மா அதை லாட்டரியில் விட்டார். லட்சக் கணக்கில் பணம் சேர்ந்து, தொழுநோயாளிகளுக்குச் சாந்தி நகர் எழுந்தது. அந்தக் காரில் அந்தம்மா ஊர்வலம் போயிருந்தால் பேப்பரில் நல்ல போட்டோ வந்திருக்கும், சாந்தி நகர் வந்திருக்காது.

குருவாயூர் கதை உங்களுக்கே தெரியும். 2021 டிசம்பரில் மகிந்திரா கம்பெனி குருவாயூரப்பனுக்குப் புது தார் ஜீப் ஒன்றைக் காணிக்கையாகக் கொடுத்தது. பெருமாளுக்கு நாலு சக்கர டிரைவ் எதற்கு? தேவஸ்வம் ஏலம் விட்டது. வந்தது ஒரே ஆள், கேட்டது 15 லட்சத்துச் சொச்சம், முடிந்தது ஏலம். அப்புறம் தகராறு, கோர்ட்டு. 2022 ஜூனில் மறு ஏலம் விட்டதில் 43 லட்சத்துக்குப் போனது. அதே ஜீப்புதான். நடுவில் ஒரு கிலோமீட்டர்கூட ஓடியிருக்காது. மாப்பிள்ளை இந்தச் செய்தியை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, "நம்ம வண்டிக்கும் ரெண்டு ஏலம் வுட்டா நல்லா இருக்கும்" என்கிறார்.

காணிக்கை என்றதும் ஞாபகம் வருகிறது. போன மாசம் திருப்போரூர் கந்தசாமி கோயில் உண்டியலில் ஒருவர் ஐபோனைத் தவற விட்டு, விழுந்தது சாமிக்கு என்று சொல்லிவிட்டார்களாமே. அத்தையிடம் சொல்லி வையுங்கள், மயிலத்தில் உண்டியலுக்கு மேலே குனிந்து கும்பிட வேண்டாம்.

இனி வரி. இதுதான் மாப்பிள்ளையின் சொந்தப் பேட்டை. ஆபீஸில் யாரோ, "காரைக் கொடுத்தால் புத்தகத்தில் போட்டிருக்கிற விலை முழுவதையும் வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம்" என்று சொல்லிவிட்டார்கள். அவர் ராத்திரி பூராவும் கால்குலேட்டரோடு உட்கார்ந்தார். அந்தக் காலம் மலையேறி இருபது வருஷம் ஆகிறது. முன்பெல்லாம் ஜனங்கள் முள்செடி முளைத்த காரைக் கொடுத்துவிட்டு ஷோரூம் விலையைக் கழித்திருக்கிறார்கள். 2003இல் அமெரிக்கப் பாராளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 54 கார்களை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து போய்ப் பார்த்தது. மூன்றில் இரண்டு பங்குக் கார்களில், கொடுத்தவர் சொல்லிக்கொண்ட மதிப்பில் 5 சதவீதமோ அதற்கும் குறைவோதான் தர்மத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அதாவது நூறு ரூபாய் புண்ணியம் என்று கணக்கு எழுதியவன் கொடுத்தது அஞ்சு ரூபாய். உடனே சட்டத்தைத் திருத்தினார்கள். 2005 முதல், 500 டாலருக்கு மேல் கழிக்க வேண்டுமென்றால், ஏலத்தில் என்ன விலைக்குப் போனதோ அவ்வளவுதான் கழிக்கலாம். அந்த அமைப்பே காரை ஓட்டினாலோ, பெரிதாகப் பழுது பார்த்தாலோ, ஏழைக்குக் குறைந்த விலையில் கொடுத்தாலோ மட்டும் முழு மதிப்பு. விற்ற விலையைச் சொல்லி அவர்கள் 1098-சி என்று ஒரு காகிதம் அனுப்புவார்கள்.

ஒரு கொசுறும் உண்டு. தர்மத்தை எல்லாம் பட்டியல் போட்டுக் கழித்தால்தான் இது செல்லும். பட்டியல் போடாதவர்களுக்கு அரசாங்கமே மொத்தமாக ஒரு தொகையைக் கழித்துக்கொள்ளச் சொல்கிறது, 2024க்குக் கணவன் மனைவி சேர்ந்து 29,200 டாலர். எங்கள் பட்டியல் அதன் முழங்காலைக்கூட எட்டவில்லை. ஆக வரியில் எங்களுக்குக் கிடைத்தது பூஜ்யம். கைம்மாறு கருதாத தானம் என்று பெரியவர்கள் சொல்வார்களே, அந்த நிலையை மாப்பிள்ளை சட்டத்தின் உதவியோடு அடைந்துவிட்டார்.

நம் ஊரும் இதில் சளைத்ததில்லை. பொருளாகக் கொடுத்தால் 80ஜி வரிக்கழிவு கிடையாது, பணமாகத்தான் கொடுக்க வேண்டும், அதிலும் ரொக்கம் என்றால் 2,000 ரூபாய் வரைதான். காரைக் கொடுப்பவன் ஃபாரம் 29, ஃபாரம் 30 போட்டுப் பெயர் மாற்றாவிட்டால், இல்லத்து டிரைவர் சிக்னலைத் தாண்டியதற்கு இவன் வீட்டுக்குச் சலான் வரும்.

டோ வண்டி டிசம்பர் நடுவில் ஒரு காலையில் வந்தது. டிரைவர் ஆறடி உயரம், காதில் கடுக்கன், கையில் காபி. "சொந்தச் சாமான் எல்லாம் எடுத்தாச்சா?" என்று கேட்டார். எடுத்தாச்சு என்று மாப்பிள்ளை சொல்லிக்கொண்டிருக்கும்போதே நான் கடைசி வரிசைச் சீட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஒரு புளியோதரைக் கரண்டி. பெரியவன் மூன்றாம் வகுப்பில் தொலைத்த ரிட்டெய்னர், அதற்காக அன்றைக்கு அவனை அடித்திருக்கிறேன். உறைந்த தேன்மிட்டாய் போல ஒன்று, அது என்ன என்று யாரும் ஆராய முன்வரவில்லை. நீங்கள் 2012இல் வந்திருந்தபோது "எங்கியோ வச்சேன்" என்று வீடு பூரா தேடிய பல்செட் டப்பாவின் மூடி. மூடி மட்டும்தான். ஒரு வறுத்த வேர்க்கடலைப் பொட்டலம், பிரிக்காதது. அத்தை ஊரிலிருந்து கட்டிக் கொடுத்தது. திண்டிவனத்து எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட டிஎம்வி ரகமா என்று பார்த்துச் சொல்ல நீங்கள் பக்கத்தில் இல்லை. டோ டிரைவர் ரெண்டு வாயில் போட்டுப் பார்த்து, "ஸ்டில் குட்" என்றார்.

டேஷ்போர்டுப் பிள்ளையாரைப் பெயர்ப்பதுதான் பெரும்பாடு. பதினைந்து வருஷத்துப் பசை. பிள்ளையார் வந்தார், பீடம் வரவில்லை. நம்பர் பிளேட் ரெண்டையும் மாப்பிள்ளை ஞாபகார்த்தமாக ஹாலில் மாட்டப் பார்த்தார். இந்த மாநிலத்தில் பிளேட்டைப் போக்குவரத்து அலுவலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் இன்சூரன்ஸை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் அபராதம் என்று தெரிந்ததும் ஞாபகார்த்தம் கரைந்துவிட்டது. டைட்டில் பத்திரத்தின் பின்பக்கம் கையெழுத்துப் போடும்போது பேனா எழுதவில்லை என்று மூன்று பேனா மாற்றினார். மூன்றும் எழுதின.

நேற்றுக் காகிதம் வந்தது. ஏலத்தில் 1,400 டாலர். அதிலும் டோ வண்டிக்காரர், ஏலக் கம்பெனி, நடுவில் நிர்வாகம் பார்க்கிறவர்கள் எல்லோரும் எடுத்தது போகத்தான் மீதி தர்மத்துக்கு. மாப்பிள்ளை அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "போன வருஷம் அதுல மாத்துன டயரே எழுநூறு" என்றார். பாவம், அந்த அம்மாவும் மூன்று குழந்தைகளும் இளையராஜாவும் அவர் மனசை விட்டு இன்னும் போகவில்லை.

இப்போது நம் இல்லத்து விஷயம். நான் பணம் அனுப்புகிறேன். ஆனால் யார் அனுப்புவது என்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. மாப்பிள்ளை அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டார், நான் இன்னும் இந்தியப் பாஸ்போர்ட். ரெண்டுக்கும் அட்டை நீலம்தான். ஆனால் வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி அவர் கொடுத்தால் அது அந்நிய நிதி. திண்டிவனத்தில் பிறந்து வளர்ந்தவர் என்றாலும் அந்நிய நிதிதான். அதை வாங்க இல்லத்துக்கு எஃப்சிஆர்ஏ பதிவு வேண்டும், அதுவும் டெல்லி பார்லிமென்ட் தெருவில் இருக்கிற ஸ்டேட் வங்கிக் கிளைக் கணக்கில்தான் முதலில் போய் இறங்க வேண்டும். ஓலக்கூரில் இறங்க வேண்டியவன் டெல்லி போய்த் திரும்பி வருகிற மாதிரி. நான் என் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது உள்நாட்டுப் பணம். ஒரே வீட்டில், ஒரே அலமாரியில், அவர் காசு அந்நியம், என் காசு சுதேசி. இதைச் சொன்னதிலிருந்து சின்னவள் அப்பாவை "ஃபாரின் ஃபண்ட்" என்று கூப்பிடுகிறாள்.

ஆகையால் நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். ஒரு நாள் காலையில் வெயிலுக்கு முன்னால் போய் அந்த ஆம்னியைப் பாருங்கள். எஞ்சினில் தண்ணீர் ஏறியிருக்கிறதா, ஆயில் பால் மாதிரி ஆகியிருக்கிறதா, வயரிங் எவ்வளவு போயிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாதது இல்லை. தேறும் என்றால் என்னென்ன மாற்ற வேண்டும், எவ்வளவு ஆகும் என்று வரிவரியாக எழுதி அனுப்புங்கள். தேறாது என்றால் தயவு தாட்சண்யம் பார்க்காமல் கண்டம் என்று எழுதுங்கள். பிறகு பெரியவர்கள் ஏற இறங்க வசதியாக எந்த வண்டி நல்லது, படி எவ்வளவு தாழ்வாக இருக்க வேண்டும், சக்கர நாற்காலி உள்ளே நுழையுமா என்று இல்லத்தில் கேளுங்கள். உங்களுக்குப் பிடித்த வண்டியைச் சொல்ல வேண்டாம், அவர்களுக்கு வேண்டியதை. வண்டியே வேண்டாம், ஆஸ்பத்திரி நாளன்று ஒரு வாடகை வண்டியும் மாசத்துக்கு டீசல் காசும் போதும் என்று அவர்கள் சொன்னால் அதையே எழுதுங்கள். மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் வருத்தமாக இருக்கும், டீசலுக்கு எலுமிச்சம்பழம் வைக்க முடியாது. நான் பார்த்துக்கொள்கிறேன்.

அத்தைக்கு முட்டித் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன், மார்ச்சில் வருகிற ஆள் கையில் கொடுத்தனுப்புகிறேன். பல்செட் மூடியும் அதே பையில் இருக்கும்.

எஸ்டிமேட்டில் உங்கள் பேட்டாவையும் மறக்காமல் சேர்த்து எழுதுங்கள். டீ, வடை தனி.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகள்.

பி.கு.: மாப்பிள்ளை நேற்று ராத்திரி ஏதோ மின்சாரக் காரின் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை சீட்டு என்று கேட்டேன். ஏழு என்றார்.